உன் கப்பலின் வெப்பம்

வைட்ஃபீல்ட் ஆபீசில் இடம் மாறச் சொன்னார்கள். டிராயரைக் காலி செய்தபோது அடியில் உன் நாவலின் முதல் பதினைந்து தாள்கள் கிடைத்தன. பதினோராம் பக்கத்து ஓரத்தில் என் சிவப்பு மை: "வெப்பம் எங்கே போகும்? உன் மாமனார் வீட்டுக்கா?"

நீ எங்கள் கம்பெனி ஸ்டோர்ஸில் இருந்தாய். தினமும் தங்கவயலிலிருந்து ரயிலில் வருவாய். அந்த நெரிசலில் உட்கார்ந்துதான் விண்வெளிப் போர் எழுதினாய். நான் செயற்கைக்கோள்களைச் சூட்டிலிருந்து காப்பாற்றும் எஞ்சினியர். அந்தத் திமிர் எனக்கு உடம்பெல்லாம் இருந்தது.

படித்துக் கருத்துச் சொல் என்று இந்தத் தாள்களை நீதான் தந்தாய். பதினோராம் பக்கத்தோடு நிறுத்திவிட்டு, அல்சூர் வாசகர் கூட்டத்தில் நாடகக் குரலில் படித்துக் காட்டினேன். எதிரி கண்ணில் படாமலிருக்க, வெப்பத்தை வெளியேற்றும் தகடுகளை மடக்கிக்கொண்டு உன் கப்பல் லேசர் பீரங்கி சுடுகிறது. வெற்றிடத்தில் காற்றில்லை, சூடு உள்ளேயே தங்கும், உன் வீரர்கள் இட்லி மாதிரி வெந்துபோவார்கள் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அது ருசித்தது.

நீ மெதுவாகக் கேட்டாய்: "மேல படிச்சியா?"

"மேல என்னப்பா இருக்கு? அதான் எல்லாரும் வெந்தாச்சே."

அதன்பிறகு நீ கூட்டத்துக்கு வரவில்லை. தொல்லை விட்டது என்றேன்.

போன வருடம் மாரடைப்பில் போய்விட்டாய். துக்கம் கேட்க வந்த என்னிடம் உன் மனைவி மீதித் தாள்களைக் காட்டி, புத்தகமாகப் போடலாமா என்று கேட்டார். கையால் எழுதிய ஒரே பிரதி. தேறாது, பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடுங்கள் என்றேன். நம்பிப் போட்டுவிட்டார்.

நேற்றுதான் பதினான்காம் பக்கம் படித்தேன். கப்பலின் வயிற்றில் பிரம்மாண்டமான பனிக்கட்டி வைத்திருக்கிறாய். பீரங்கியின் சூட்டை அது வாங்கிக்கொள்ளும். அது உருகித் தீர்வதற்குள் போரை முடிக்க வேண்டும். அதுதான் உன் கதையே. கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது. அன்றைக்கே இதைச் சொல்லி என் வாயை அடைத்திருக்கலாமே என்று உன்மேல் கோபம் வந்தது. அவ்வளவு கேவலமானவன் நான்.

பதினைந்தாம் பக்கத்தில் பாதிப் பனி உருகிவிட்டது. எதிரிக் கப்பல்கள் இன்னும் இரண்டு இருக்கின்றன. உன் மனைவிக்குப் போன் செய்து, முடிவு தெரியுமா என்று கேட்டேன்.

"ஒவ்வொரு பக்கமா எனக்குப் படிச்சுக் காட்டுவாருண்ணா. முடிவை மட்டும் காட்டல. அதை முதல்ல நீங்கதான் படிக்கணும்னு வெச்சிருந்தாரு."

உன் ஆட்கள் பிழைத்தார்களா, வெந்தார்களா என்று இனி ஒருவருக்கும் தெரியாது. அதைச் செய்தவன் நான்.