சௌரிராஜனுக்குச் சொல்லிக்கொடுத்த விளையாட்டு

சேசு மரி சூசை துணை

கிளீவ்லாந்து
13-11-1983

அன்புள்ள அம்மாவுக்கு, பிலோமின்ராஜ் எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அப்பா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா?

சனிக்கிழமைகளில் பகடை உருட்டிக் கதை விளையாடுவோம் என்று எழுதியிருந்தேனே, அதில் நேற்று ஒரு வேடிக்கை. குகையின் படம் வரைந்து கதையை நடத்துபவன் நான். மற்றவர்கள் வீரர்களாகி உள்ளே போவார்கள். ஸ்ரீரங்கத்துச் சௌரிராஜனையும் இரண்டு அமெரிக்கப் பையன்களையும் நான்தான் சேர்த்தேன். தரையைத் தட்டிப் பார்க்காமல் நடந்தால் குழியில் விழுந்து சாக வேண்டியதுதான் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன்.

இந்த வாரம் ஆட்டம் இல்லை என்று சௌரிராஜன் சொல்லியிருந்தான். போன வாரம் அவன் அறையில் மறந்துவிட்ட குடையை எடுக்கப் போனேன். நான் வரைந்த படத்தை விரித்துவைத்து அந்த இரண்டு பையன்களுக்கும் அவன் கதை சொல்லிக்கொண்டிருந்தான்.

"தப்பா நினைக்காதேடா. உன் கதையில எல்லாரும் செத்துப்போயிண்டே இருக்கா. அவாளுக்கு அலுத்துப்போச்சு" என்றான்.

"எங்கிட்டயே சொல்லியிருக்கலாமேடா?"

"சொன்னா நீ வருத்தப்படுவே. அந்தப் பகடையை மட்டும் வெச்சுட்டுப் போயேன், எங்ககிட்ட வேற இல்லை."

சட்டைப்பையில் இருந்ததைச் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டு வந்தேன். படி இறங்கும்போது உள்ளே மறுபடியும் சிரிப்புக் கேட்டது. ஆட்டம் போனால் போகட்டும் அம்மா, ஊர்க்காரன் என்று நம்பியிருந்தேன்.

இனி படிக்க நிறைய நேரம் கிடைக்கும். அவனுக்கும் சேர்த்துப் பருப்புப் பொடி இரண்டு பொட்டலம் கேட்டிருந்தேன், ஒன்று போதும். தங்கச்சி ரோசரியை நாலு வரி எழுதச் சொல்லுங்கள். தெருச் சண்டையைப் பற்றி எழுதினாலும் சரி.

பூசைக்கு நேரமாகிவிட்டது. சௌரிராஜனின் அம்மா உங்களைப் பார்க்க வந்தால், நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் இருக்கிறோம் என்றே சொல்லுங்கள்.

உங்கள் மகன்,
பிலோமின்ராஜ்