தண்ணி விழுற இடம்

சேலம்
12.11.2025

அன்பு உண்ணாமலைக்கு,

நான் தேவிப்ரியாவின் அம்மா. என் மகள் தங்கியிருந்த விடுதியில் நீ அறை பெருக்குகிற பெண் என்றும், அன்று மலையில் அவளோடு இருந்தது நீ மட்டும்தான் என்றும் விடுதிக்காரர் சொன்னார். அவர் போனில் உன்னைக் கூப்பிட்டேன். நீ பேசவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. அதனால் எழுதுகிறேன்.

அவள் போய் இருபத்தைந்து நாள் ஆகிறது. அவள் தேடிப் போன அருவியைப் பார்த்தாளா? என்ன சொன்னாள்? இன்னொன்றும் கேட்க வேண்டும். போலீஸ் கொடுத்த பையில் அவளுடைய ஷூ இருந்தது. மழையில் மலையேறியவளின் ஷூவில் சேறே இல்லை. அது ஏன் என்று யோசித்தே தூக்கம் போய்விட்டது. தெரிந்ததை எழுது.

அன்புடன்,
கஸ்தூரி அம்மா


அடி அண்ணாமலை
19.11.2025

அன்புள்ள அம்மாவுக்கு உண்ணாமலை எழுதுவது.

உங்கள் கடிதம் நாலு நாளாகத் தலையணைக்கு அடியில் இருக்கிறது. எனக்கு யாரிடமும் பேச வராது. ஒன்பதாவதோடு நின்றதும் பாதி அதனால்தான். டீச்சர் கேட்டால் பதில் தெரியும், வாய் திறக்காது. எழுத மட்டும் வரும்.

தேவி அக்காதான் முதலில் பேசினார்கள். என் கையிலிருந்த பக்கெட்டை வாங்கிக் கீழே வைத்து, "நீ பேச மாட்டியா? சரி, நான் பேசறேன், நீ தலையாட்டு" என்றார்கள். பத்து நாள் அப்படியே போனது.

மலைக்குப் பின்பக்கம் ரெண்டு நாள் அடைமழை பெய்தால்தான் தண்ணி விழும். அருவிக்குப் பேர் கிடையாது. தண்ணி விழுற இடம் என்போம். மழைக்காலத்தில் அந்தப் பக்கம் ஏறக்கூடாது என்று போர்டு இருக்கிறது. ஆனாலும் அக்காவிடம் அந்த இடத்தைப் பற்றி நான்தான் சொன்னேன். நானாகச் சொன்ன முதல் சேதி அது.

ஏற்றம் செங்குத்து. வேரைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். அக்காவுக்கு மூச்சு வாங்கியது. "உனக்கு மட்டும் நுரையீரல் நாலா வெச்சிருக்கியா?" என்று நின்று நின்று வந்தார்கள். ஆனால் பார்த்தார்கள் அம்மா. மேகமும் தண்ணியும் ஒரே நிறமாக இருந்தன. எங்கிருந்து விழுகிறது என்றே தெரியவில்லை. முகத்தை நனைத்துக்கொண்டு, "எங்கம்மா முட்டி வலின்னு சொல்லும். தூக்கிட்டாவது வரணும்" என்றார்கள்.

இறங்கும்போது வழுக்கியது. பின்தலையில் அடி. வலிக்கவில்லை என்றுதான் சொன்னார்கள். ஷூவைப் பற்றி எனக்கு ஞாபகம் இல்லை.

வணக்கத்துடன்,
உண்ணாமலை


சேலம்
1.12.2025

அன்பு மகள் உண்ணாமலைக்கு,

என் முட்டி வலியை மலைமேல் போயா சொன்னாள்? படித்துவிட்டுச் சிரித்தேன். பிறகு வெகுநேரம் அழுதேன்.

ஒரு முடிவு செய்திருக்கிறேன். பொங்கல் கழிந்து நீ இங்கே வந்துவிடு. தேவி அறை சும்மாதான் கிடக்கிறது. பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வாக எழுதலாம். டியூஷனுக்குப் பேசிவிட்டேன். உன் அப்பா சடையனிடமும் பேசினேன். "அவ வரேன்னா கூட்டிட்டுப் போங்கம்மா" என்றார். ஷூவை மறந்துவிடலாம். நீ வந்தால் வீட்டில் ஒரு சத்தம் இருக்கும். பேசாவிட்டாலும் பாத்திரம் உருட்டுவாய் அல்லவா.

உன்,
கஸ்தூரி அம்மா


அடி அண்ணாமலை
8.12.2025

அம்மா,

படிக்க எனக்கு ரொம்ப ஆசை. எட்டாவது புத்தகங்களைக்கூட இன்னும் எடைக்குப் போடவில்லை. ஆனால் இதை மறைத்துக்கொண்டு அக்கா அறையில் படுக்க முடியாது.

ஷூ ஞாபகம் இல்லை என்றது பொய். நான்தான் கழற்றச் சொன்னேன். எங்களுக்கு மலையே சாமி. செருப்புக் காலோடு எங்கள் வீட்டில் யாரும் ஏற மாட்டோம். "நிஜமாவா?" என்று கேட்டார்கள். தலையாட்டினேன். உடனே கழற்றிப் பையில் வைத்துக்கொண்டார்கள். என் காலுக்குப் பாசி பழக்கம். அவர்கள் காலுக்கு இல்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்ததை எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

அங்கே போனில் சிக்னல் இல்லை. "யாரையாவது கூட்டிட்டு வா, நான் இங்கயே உக்காந்திருக்கேன்" என்று அக்கா அனுப்பினார்கள். ரோட்டு டீக்கடைவரை ஓடி வந்தேன். ஏழெட்டு ஆம்பளைங்க உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கடைக்காரர் அப்பாசாமி, "இன்னா பாப்பா, டீயா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

டீ கொடுத்தார். கையில் வாங்கிக்கொண்டு நின்றேன்.  காலி டம்ளரைத் திருப்பிக் கொடுத்தேன். அப்புறமும் நின்றேன். பக்கத்து வீட்டுக் காசியம்மாள் வந்து என் தாவணியில் இருந்த ரத்தத்தைப் பார்த்துக் கேட்ட பிறகுதான் சொன்னேன். அரை மணி இருக்கும். ஆட்கள் ஏறும்போது அக்காவுக்கு நினைவு இல்லை. அரை மணி முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னது என் காதில் விழுந்தது.

இதை யாருக்கும் சொல்லவில்லை. உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

உண்ணாமலை


சேலம்
22.12.2025

உண்ணாமலைக்கு,

கடிதம் கிடைத்தது. திரும்பத் திரும்பப் படித்தேன். இதை யாரிடமும் கொண்டுபோக மாட்டேன்.

ஷூவை விடு. சாமி மலை என்று நீ சொல்லியிருக்காவிட்டாலும் அவளே கழற்றியிருப்பாள். அந்த டீயைத்தான் என்னால் விட முடியவில்லை. என் வீட்டில் காலையில் டீ போட்டு உன் கையில் கொடுக்க என்னால் ஆகாது. நீ வர வேண்டாம்.

தேர்வு விண்ணப்பத்தை முன்பே நிரப்பி வைத்திருந்தேன். கிழிக்கப் போனேன், முடியவில்லை. இத்துடன் இருக்கிறது. கையெழுத்து மட்டும் போட்டு உங்கள் ஊரிலேயே கொடு. வாங்குகிற இடத்தில் ஏதாவது கேட்பார்கள். வாய் திறந்து பதில் சொல்.

எனக்குப் பதில் போடாதே.

தே. கஸ்தூரி