கடைசி எட்டு வினாடி

மார்ச் 2, சனிக்கிழமை.

இன்று கல்லூரி கூடைப்பந்து அணியில் என் மகள் நித்யாவுக்குக் கடைசி ஆட்டம். நான்கு வருடமும் பெரும்பாலும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள். எப்போதாவது இறக்குவார்கள், ஒரு பாயின்ட்கூட எடுத்ததில்லை. இன்றாவது ஒன்று விழட்டும் என்று எங்கள் ஊர் சுகர் லேண்டிலிருந்து மூன்று மணி நேரம் கார் ஓட்டிப் போனேன்.

கடைசி நிமிடத்தில் கோச் அவளை இறக்கினார். எங்கள் அணி இருபது பாயின்ட் முன்னால். எட்டு வினாடி மிச்சம். பந்து அவள் கையில், எதிரே ஒருத்தியும் இல்லை. "போடுடி நித்யா, போடு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவள் போடவில்லை. பந்தைத் தட்டிக்கொண்டே நின்றாள். ஆட்டம் முடிந்துவிட்டது.

பயந்துவிட்டாள் என்று நினைத்து, வெளியே வந்ததும் ஆறுதல் சொல்லப் போனேன்.

"பயமா? அப்பா, நாம ஜெயிச்சாச்சு. அவங்க டிஃபென்ட் பண்றதையே நிறுத்திட்டாங்க. அப்ப ஷூட் பண்றது மரியாதை இல்லப்பா."

"உன் பேருக்கு நேரா சைபர்தானேம்மா நிக்கும்?"

"நிக்கட்டும். இட்ஸ் ஓகே." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

நான்கு வருடம் பார்த்தும் எனக்கு ஸ்கோர்போர்டு மட்டும்தான் படிக்கத் தெரிந்திருக்கிறது. நானாக இருந்தால் போட்டிருப்பேன். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று ஓடியும் இருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள், "அழுதாளா?"

"அவ அழலை."

"அப்ப உங்க கண்ணு ஏன் இப்படி இருக்கு?"

ஃப்ரீவேயில் எதிர் வண்டி வெளிச்சம் என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.