கூட்ஸ் வண்டி பார்க்கத் தோதான இடங்கள்

5-6-94, ஞாயிறு

திண்டிவனம் ரோடு கேட் கூட்ஸ் பார்க்க லாயக்கில்லாத இடம். கேட் போட்டதும் பஸ்ஸும் மாட்டு வண்டியும் முட்டிக்கொண்டு நிற்கின்றன. வெள்ளரிப் பிஞ்சு விற்கிறவர்கள் ஜன்னல் ஜன்னலாக எகிறுகிறார்கள். வண்டி வரும் நேரத்துக்குச் சரியாக ஒரு லாரி வந்து முன்னால் மறைத்துக்கொண்டது. போனது உர வண்டி என்று வாடையில்தான் தெரிந்தது. ஆறு நாளும் உரக்கடையில் கணக்கு எழுதுகிறவனுக்கு ஏழாம் நாளும் யூரியா. நல்ல தலையெழுத்து.

12-6-94, ஞாயிறு

துரிஞ்சாபுரம் ஸ்டேஷன் பரவாயில்லை. பிளாட்பாரக் கோடியில் வேப்பமரம், கீழே சிமென்ட் பெஞ்சு. பாசஞ்சருக்கு வழிவிட்டு கூட்ஸ் அங்கேதான் ஒதுங்கி நிற்கும். ஆற அமரப் பார்க்கலாம்.

பாசஞ்சர் வரும்போது மட்டும் நான் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொள்கிறேன். ஜன்னலில் பிள்ளைகள் இருக்கும். கை காட்டும். கூட்ஸில் அந்தத் தொல்லை இல்லை. கடைசிப் பெட்டியில் கார்டு ஒருவர் பல் குத்திக்கொண்டு போகிறார், அவ்வளவுதான்.

15-6-94

மணிமொழி இருந்திருந்தால் இன்று பத்து வயது. எல்லம்மாள் பாயசம் வைக்கவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை. முன்பெல்லாம் என்னை ‘மணி அப்பா’ என்று கூப்பிடுவாள். தை மாதத்திலிருந்து எந்தப் பெயரும் கிடையாது, நேராகப் பேச்சை ஆரம்பித்துவிடுகிறாள். இரண்டு பேரும் சீக்கிரம் படுத்துவிட்டோம்.

19-6-94, ஞாயிறு

தண்டரைக்கு சைக்கிளில் போனேன். ஏரிக்கரை. இருப்பதிலேயே நல்ல இடம் இதுதான். தண்டவாளம் வளைந்து வருவதால் இன்ஜின் முதல் கார்டு பெட்டி வரை மொத்தமும் ஒரே பார்வையில் தெரியும். பின்னால் மலை.

முதன்முதலில் இங்கேதான் வந்தேன். குழந்தையின் காரியம் முடிந்த மறுநாள். வேடிக்கை பார்க்க வரவில்லை — வேறு எதற்கு வந்தேன்? செத்துப்போக வந்தேன். எழுதியாகிவிட்டது. மூன்று நாள் காய்ச்சலில் பெற்ற பிள்ளையை விட்டவன் வேறு என்ன யோசிப்பான்?

தைரியம் வருவதற்குள் இன்ஜின் போய்விட்டது. மீதி வண்டி போகிறவரைக்கும் சும்மா நிற்க வேண்டியதாயிற்று. போய்க்கொண்டே இருந்தது. ஒரு பெட்டி, இன்னொரு பெட்டி, அதற்கும் பின்னால் இன்னொன்று. எல்லாம் போய் முடிந்ததும் எனக்குப் பசித்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவனுக்குப் பசி என்ன வேண்டிக்கிடக்கிறது என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன்.

அன்றிலிருந்து இதே பிழைப்புதான். ஞாயிறு ஒரு கூட்ஸ் பார்த்தால் அடுத்த ஞாயிறு வரைக்கும் தாக்குப்பிடிக்கிறேன்.

26-6-94

ஒரு வண்டியும் வரவில்லை. வாரம் நாசம்.

3-7-94, ஞாயிறு

மச்சான் வேடியப்பன் சாப்பிட வந்தான். எல்லம்மாளின் தம்பி. அவனுக்கு வாயில் எதுவும் தங்காது.

“மாமா, தண்டரை கிட்ட தண்டவாளத்தாண்ட ஒக்காந்துக்கினு இருந்தீங்களாமே. அங்க இன்னா வேலை?”

“கூட்ஸ் பாக்கறேன்.”

“கூட்ஸுல பாக்கறதுக்கு இன்னா இருக்குது?”

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த எல்லம்மாளின் கை அப்படியே நின்றது. பிறகு என் இலையைத் தவிர எல்லா இடத்தையும் பார்த்தாள்.

22-7-94, வெள்ளி

ஆடி வெள்ளி. திரௌபதி அம்மன் கோயிலில் தீமிதிக்குக் காப்புக் கட்டு. எல்லம்மாள் கூப்பிட்டாளே என்று போனால், பூசாரி சடையன் கூட்டத்தில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். எல்லம்மாள் என் பேரில் வேண்டிக்கொண்டிருக்கிறாளாம், நான் தீ மிதிப்பதாக. தெருவே பார்க்கிறது. மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? கையை நீட்டினேன். மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டார்.

“தீ மிதிச்சு அவுக்கிற வரைக்கும் ஊர் எல்லை தாண்டக் கூடாது. தாண்டினா வூட்டுக்கு ஆவாது” என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லை எதுவரைக்கும் என்று கேட்டேன்.

“ரயில்வே கேட்டுக்கு இந்தாண்ட வரைக்கும்தான் நம்ம அம்மன் எல்லை. தண்டவாளம் அவ கணக்குல வராது.”

எல்லம்மாளைத் திரும்பிப் பார்த்தேன். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கெட்டிக்காரி. வீட்டைப் பூட்டி வைத்திருந்தால் உடைத்திருப்பேன்.

24-7-94

போகவில்லை.

31-7-94, ஞாயிறு

மத்தியானம் ஹாரன் கேட்டது. கூட்ஸ்தான், பாசஞ்சருக்கு அது நேரமில்லை. எழுந்து தெருக்கோடி வரைக்கும் போனேன். அம்மன் மேல் எனக்கு நம்பிக்கை போய் மாதங்களாகின்றன, காப்பை மீறத்தான் தைரியம் இல்லை. வீட்டுக்கு ஆகாது என்றாரே. வீட்டில் இன்னும் ஒருத்தி இருக்கிறாள்.

திரும்பி வந்துவிட்டேன்.

3-8-94

சோறு இறங்கவில்லை. கடையில் கூட்டுவதெல்லாம் தப்பு. முதலாளி ஒரு மாதிரி பார்க்கிறார். தை மாத நினைப்பு திரும்ப வந்துவிட்டது. அடிப்பாவி, என்னைக் காப்பாத்தறேன்னு இன்னா பண்ணி வச்சிருக்கற. எல்லை எனக்குத்தான. அந்த நெனப்புக்கு ஏது எல்லை? நேரா வூட்டுக்குள்ள வந்து ஒக்காந்துக்குது.

4-8-94

சொல்லிவிட்டேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“மொத நாளு அதுக்குத்தான் போனேன். அப்புறம் போனது அதுக்கில்ல. பாத்துட்டு வந்தாத்தான் இருக்க முடியுது.”

முறம் நின்றது. அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

“அன்னிக்கு என்னை நெனச்சீங்களா?”

இல்லை என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். எத்தனையோ பொய் சொல்கிறோம். முறத்தைக் கீழே வைத்துவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போனாள். வெகுநேரம் வரவில்லை. எனக்குப் போய்ப் பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் பயம். தினமும் அவள் இப்படித்தான் இருந்திருக்கிறாள் போல.

7-8-94, ஞாயிறு

தீ மிதித்தேன். சுட்டதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கவனிக்கவில்லை. காப்பை அவிழ்த்தாயிற்று.

14-8-94, ஞாயிறு

எங்கும் போகிற எண்ணமில்லாமல் படுத்திருந்தேன். எல்லம்மாள் தலை சீவி, பையில் தண்ணீர் பாட்டிலும் புளிச்சோறும் எடுத்து வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“கெளம்புங்க. எந்த எடம் நல்லா இருக்கும்?”

துரிஞ்சாபுரத்தைச் சொன்னேன். நிழல் உண்டு, உட்கார பெஞ்சு உண்டு.

“அது வாணாம். மொத போனீங்களே, அங்க போலாம்.”

பஸ்ஸில் தண்டரை. ஏரிக்கரையில் என் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன். அவள் சுற்றிலும் பார்த்தாள், தண்டவாளம் எவ்வளவு தூரம் என்று பார்த்தாள். பிறகு எனக்கு முன்னால் வந்து, தண்டவாளத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

வண்டி வந்தது. சிமென்ட் மூட்டை என்று நினைக்கிறேன். சக்கரம் எதுவும் தெரியவில்லை, அவள் தலைக்கு மேலே பெட்டிகளின் கூரை மட்டும் போய்க்கொண்டிருந்தது.

“திரும்பிப் பாரு. நீளமான வண்டி.”

“நீங்க பாருங்க.”

12-3-2000, ஞாயிறு

தண்டரை. வெயில் ஜாஸ்தி, ஏரியில் தண்ணீர் கம்மி. காலையில் வேடியப்பன் கிண்டல் செய்தான், அக்காவுக்கும் கூட்ஸ் பைத்தியம் முத்திவிட்டதாம். எல்லம்மாளும் சிரித்தாள்.

இந்த ஆறு வருஷத்தில் ஒரு ஞாயிறுகூட அவள் என்னைத் தனியாக விட்டதில்லை. ஒரு கூட்ஸைக்கூடப் பார்த்ததும் இல்லை.