யூட்டாவா, லாஸ் ஏஞ்சலஸா

12 ஜூன், சனி

காலையிலிருந்தே புழுக்கம். மூன்றுக்கு மழை, நாலுக்கு விட்டது. நல்லவேளை, கிள்ளானிலிருந்து அவர்கள் நனையாமல் வந்து சேர்ந்தார்கள்.

வந்தவர்கள்: மாப்பிள்ளை சுந்தர் (துறைமுகத்தில் கப்பல் ஏஜென்ட் ஆபீஸ், முப்பது வயது), அவர் அம்மா, ஒரு மாமா. அப்பா உயிருடன் இல்லை.

என்னைப் பார்க்க வருவது இது நாலாவது தடவை. அம்மா கேசரியும் வடையும் செய்தாள். நான் செய்தது, முழங்கைச் சிராய்ப்பின் மேல் பவுடர் பூசியது. வியாழக்கிழமைப் பயிற்சியில் விழுந்தது.

ஓய்வு நேரத்தில் பொண்ணு என்ன செய்யும் என்று மாமா கேட்டார். தையல் என்றாள் அம்மா, நான் வாயைத் திறப்பதற்குள். பாஸ்கெட்பால் என்றேன் நான். ஆபீஸ் அணியில் பாயிண்ட் கார்டு. மாமாவுக்குப் புரியவில்லை. பந்தைக் கொண்டுபோய், யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துப் பிரித்துக் கொடுக்கிற ஆள் என்று விளக்கினேன்.

அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த சுந்தர் நிமிர்ந்தார்.

"உலகத்துலயே பெஸ்ட் பாயிண்ட் கார்டு யாருன்னு நினைக்கிறீங்க?"

"யூட்டாக்காரர்."

"இல்ல லா. லாஸ் ஏஞ்சலஸ்காரர்தான்."

அவ்வளவுதான். அந்த இரண்டு அமெரிக்க அணிக்காரர்களை வைத்துக் கால் மணி நேரம் சண்டை. அவர் கட்சி: அவருடைய ஆள் உயரம், எல்லார் தலைக்கு மேலும் பார்ப்பார், எந்த இடத்திலும் ஆடுவார், கோப்பைகள் வாங்கினார். என் கட்சி: உயரமானவர் பார்ப்பதில் என்ன அதிசயம்? என் ஆள் கூட்டத்துக்குள்ளிருந்து, மற்றவர்களின் கை இடுக்கு வழியாகப் பார்ப்பவர். அலட்டல் கிடையாது. கோப்பை ஐந்து பேர் சேர்ந்து வாங்குவது.

அந்தக் கோப்பைக்காகத்தானே பந்தைப் பிரித்துக் கொடுப்பது என்று கேட்டார். என்னை மடக்கிவிட்ட கோபத்தில்: "நீங்க டிவில பார்த்ததோட சரி. ஆடிப் பார்த்திருக்கீங்களா?"

இல்லை என்றார். அவர் அம்மா காப்பி டம்ளரைக் கீழே வைத்து, நேரமாகிவிட்டது, கிளம்பலாம் என்று எழுந்துவிட்டார். கேசரி பாதி அப்படியே.

அப்பா பேப்பரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். அம்மா சமையலறையில் அழுகை.

13 ஜூன், ஞாயிறு

வெயில். அம்மா என்னை விட்டுவிட்டுத் தனியாகக் கோயிலுக்குப் போனாள்.

சூ லின் வந்தாள். எங்கள் அணியில் கூடை போடுகிறவள், ஆபீசில் பக்கத்து மேசை. எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்துவிட்டு, முன்னால் வந்த மூன்று பேரும் என்ன கேட்டார்கள் என்றாள். யோசித்துப் பார்த்தேன். முதல் ஆள்: ஈப்போவுக்கு வேலை மாற்றல் கிடைக்குமா? இரண்டாவது: எதுவும் கேட்கவில்லை. மூன்றாவது: ஆட்டத்தை எப்போது நிறுத்துவீர்கள்? மாட்டேன் என்றேன், அதோடு முடிந்தது.

இந்த ஆள் மட்டும்தான் உன் பேச்சைக் கேட்டுப் பதில் பேசியிருக்கிறான் என்றாள் சூ லின்.

சண்டை போட்டதற்கு வருத்தமில்லை. கடைசியாகச் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான்.

16 ஜூன், புதன்

ஆபீசில் ஃபைல் அடுக்கும் வேலை. தும்மல். பதினொரு மணிக்கு டெலிபோன், சுந்தர்.

முதலில் கப்பல் தாமதம், மழை என்று ஏதேதோ. பிறகு: சின்ன வயதில் ஆஸ்துமா. பள்ளியில் ஆட விடவில்லை. ஓரத்தில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதும் வேலை கொடுத்தார்களாம், ஐந்து வருடம்.

மன்னிப்புக் கேட்டேன்.

"பரவால்ல. ஆனா லாஸ் ஏஞ்சலஸ்காரர்தான். அதுல மாத்தமில்ல."

அடுத்த ஆட்டம் எப்போது என்று கேட்டார். சனி நாலு மணி, அரையிறுதி, கிள்ளானில்தான், சீனப் பள்ளித் திடலில் என்றேன். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அம்மா மறுபடியும் வடைக்கு ஊறப்போடுவாள்.

19 ஜூன், சனி

மேகமூட்டம், மழை இல்லை. கால் சரியில்லை, மனசு நன்றாக இருக்கிறது.

வரிசையாக எழுதிவிடுகிறேன். எதிரணி சுபாங் ஜெயா. எல்லாரும் என்னைவிட உயரம். சுந்தர் வந்திருந்தார். எதிர்பார்க்காதது: பக்கத்தில் குடையோடு அவர் அம்மா. பார்த்ததும் பந்தைத் தவறவிட்டேன்.

கடைசி அரை நிமிடம். ஒரு புள்ளி பின்னால் நாங்கள். பந்து என்னிடம், என் மேல் இரண்டு பேர். மூலையில் சூ லின் தனியாக. பின்பாதி முழுக்க அவள் போட்டது ஒன்றும் விழவில்லை. நானே போடலாம் என்று ஒரு கணம் கை எழும்பியது. கொடுத்துவிட்டேன். விழுந்தது. ஜெயித்தோம். சூ லின் அழுதாள்.

சுந்தர் கிட்டே வந்தார். நீங்களே போட்டிருக்கலாம், லாஸ் ஏஞ்சலஸ்காரராக இருந்தால் போட்டிருப்பார் என்றார். என் ஆள் கொடுத்திருப்பார் என்றேன். மறுபடியும் ஆரம்பித்தோம்.

அப்போது அவர் அம்மா குடையை மடக்கிக்கொண்டே சொன்னார்: "ரெண்டு பேரும் தப்பு. ரோஸியை நீங்க பார்த்ததில்ல."

கிள்ளானில் கான்வென்டில் படித்தபோது அவரும் பள்ளி அணியில் இருந்தாராம். ரோஸி பாயிண்ட் கார்டு. நாம் தனியாக நிற்கிறோம் என்று நமக்கே தெரிவதற்குள் பந்து நம் கையில் இருக்குமாம்.

"அவகூட ஆடினதால, நானே நல்லா ஆடுறேன்னு நினைச்சிட்டிருந்தேன்."

சுந்தர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். முப்பது வருடத்தில் அம்மா தன்னிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லையாம். எப்போது விட்டீர்கள் என்று நான் கேட்டேன்.

"கல்யாணத்தோட. வேணாம்னு யாரும் சொல்லல. ஆடுறியான்னும் யாரும் கேக்கல."

அன்றைக்கு எங்கள் வீட்டிலிருந்து எழுந்து போனது கோபத்தால் இல்லையாம். இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருந்தால் அவரும் சண்டைக்கு வந்திருப்பாராம், என் அப்பா பயந்துபோயிருப்பாராம்.

கடைசியில் கேட்டார்: "பைனல் எப்போ?"

ஜூலை பத்து என்றேன்.

"அப்போ நிச்சயதார்த்தத்தை அதுக்கப்புறம் வச்சுக்கலாம். நீ சரின்னு சொன்னாதான்மா."

20 ஜூன், ஞாயிறு

தூறல். கெண்டைக்கால் வலி, தைலம் தேய்த்தேன். ஜெர்சி துவைத்தாயிற்று.

யோசனை. கல்யாணமானால் கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் ஆபீசுக்குப் பஸ். செவ்வாய், வியாழன் பயிற்சி. வீடு திரும்ப ஒன்பதாகும். இதெல்லாம் கல்யாணத்துக்குப் பிறகு மெல்லப் பேசிக்கொள்ளும் விஷயம் என்று அம்மா சொல்வாள். பிறகு பேசினால் கேட்கவே வேண்டியிருக்காது, ஆட்டம் தானாக நின்றுவிடும். பயமாகத்தான் இருந்தது.

வீட்டில் பேசினால் எல்லார் காதிலும் விழும் என்று, பத்து மணிக்கு முச்சந்தி டெலிபோன் பூத். சுந்தரிடம் நேராகக் கேட்டேன்: அந்த இரண்டு நாளும் யார் சமைப்பது?

பின்னால் ஒரு லோரி போனது, ஒரு காதைப் பொத்திக்கொண்டேன்.

"நான் சமைக்கிறேன். மீ கோரெங், முட்டை, அவ்வளவுதான் தெரியும். நல்லா இருக்கும்னு சொல்ல மாட்டேன்."

தன் அம்மாவும் உதவுவார் என்று அவர் சொல்லவில்லை. கவனித்தேன்.

வீட்டுக்கு வந்தேன். அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து, எனக்குச் சம்மதம் என்றேன். நேற்று நடந்ததையும் சொன்னேன். அம்மா கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றாள்.

அப்பா கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். "பந்துச் சண்டை போட்டவனையாம்மா?"

"ஆமாப்பா."

"நல்லா யோசிச்சியா?"

தலையாட்டினேன். டெலிபோன் புத்தகத்தில் சுந்தர் வீட்டு நம்பரைத் தேடிச் சுழற்றினார். தப்பு. மறுபடியும் தப்பு. நான் வாங்கிச் சுழற்றிவிட்டு ரிசீவரை அவர் கையில் கொடுத்தேன்.

அந்தப் பக்கம் மணி அடிக்கிறது.