சிவப்பு நூல் கேட்ட மத்தியானம்

பாவா,

இன்றைக்கு அலமாரியைத் துடைக்கும்போது உங்கள் கப்பல் விதிப் புத்தகம் கையில் வந்தது. அட்டையில் இன்னும் டீசல் வாடை. பிரிக்கப் பயமாக இருந்தது. மூடி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. சரக்குக் கப்பலில் எட்டு வருஷம் மேல்தளத்தில் கயிறு இழுக்கும் ஆளாக உழைத்துவிட்டு, கப்பலைச் செலுத்தும் ‘மேட்’ அதிகாரி ஆவதற்கான பரீட்சைக்குப் படிக்க லீவில் திருத்தணிக்கு வந்திருந்தீர்கள். பெண்டாட்டி நான் தறியில் உட்கார்ந்தபடி கேள்வி கேட்பேன், நீங்கள் பதில் சொல்வீர்கள்.

“கப்பலுக்கு இடப்பக்கம் என்ன வெளக்கு?”

“சிவப்பு. வலப்பக்கம் பச்சை.”

“எதுக்க ரெண்டும் ஒண்ணா தெரிஞ்சா?”

“நேரா நம்ம மேல வந்துகினு இருக்கான். ரெண்டு பேருமே வலப்பக்கம் ஒடிக்கணும்.”

“அதான் ரேடார் இருக்குதே?”

“ரேடாரையே நம்பிட முடியாது. சின்ன மரப்படகு அதுல சரியா விழாது. வெளக்குதான் காட்டிக் குடுக்கும்.”

ஓர் எழுத்துப் பிசகாது. எனக்குப் பெருமை தாங்காது.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருந்தது. அன்று மத்தியானம், லுங்கிக் கரைக்குச் சிவப்பு நூல் எடுத்துத் தரச் சொன்னேன். பச்சையை நீட்டினீர்கள். விளையாட்டு என்று சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. தறியை நிறுத்தி, இரண்டு நூல்கண்டுகளையும் தூக்கிக் காட்டினேன்.

“இதுல எது சிவப்பு, பாவா?”

இரண்டையும் வாங்கி வெளிச்சத்தில் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தீர்கள்.

“எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது. கண்ணு டெஸ்ட்டுக்கு என் பேர்ல வேற ஒருத்தன் போறான். பேசியாச்சு. இத்தினி வருஷம் ஓட்டலையா?”

“இத்தினி வருஷம் கயிறு இழுத்தீங்க. இனிமே கப்பலைத் திருப்பப் போறது நீங்க.”

“நீ வாய மூடிகினு இருந்தா போதும்.”

“எதுத்தாப்புல படகுல வர்றவனுக்கும் வூட்ல ஒருத்தி இருப்பா, பாவா.”

புத்தகத்தைச் சுவரில் எறிந்துவிட்டு வெளியே போனீர்கள். மறுநாள் காலை மெட்ராஸுக்கு ரயிலேறினீர்கள். டெஸ்ட்டுக்குப் போகப் போவது நீங்களா, அந்த ஆளா, எனக்குத் தெரியாது. ரயில் கூவும்போதெல்லாம் தறியை விட்டு எழுந்து வாசலுக்குப் போனேன். இந்த ஆள் மாறாட்டத்தைச் சொல்லி அதிகாரிகளுக்கு ஒரு கடுதாசி எழுதினேன். உங்கள் பேரை எழுதும் இடத்தில் நிறுத்திக் கிழித்துப் போட்டேன். மறுநாள் மறுபடி எழுதினேன். அதையும் கிழித்தேன்.

ஆறாம் நாள் வந்தீர்கள். செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்று சொன்னீர்கள்.

“நானேதான் போனேன். இருட்டு ரூம்ல வெளக்கு காட்னாங்க. பாதி தப்பு.”

அதோடு கடல் போயிற்று. மெட்ராஸ் துறைமுகக் கிடங்கில் மூட்டைகளைச் சரிபார்க்கும் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை ரயிலிலேயே போய் வந்தீர்கள். “கப்பலை ஏம்பா வுட்டுட்டே?” என்று யாராவது கேட்டால், “கண்ணு சரியில்ல” என்பீர்கள். அப்போது என் பக்கம் திரும்ப மாட்டீர்கள்.

என்னால்தான் போயிற்று என்று கடைசிவரை நீங்கள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டு, அழுது தீர்த்திருப்பேன். நல்லதுதான் செய்தாய் என்றும் சொல்லவில்லை. இரண்டில் எது உங்கள் மனசில் இருந்தது என்பது தெரியாமலே, நீங்கள் கண் மூடிய பிறகும் நாட்களை ஓட்டுகிறேன்.

ஆனாலும் பாவா, இப்போது நீங்களே எதிரில் வந்து நின்று வாயை மூடச் சொன்னாலும், நான் மூட மாட்டேன்.