ஒரு விரல் தள்ளி

உன் மகள் நேற்று ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலுமாக வந்து நின்றாள். ரயிலில் இரண்டு நாள் போகவேண்டிய ராணுவ ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. ஷூவுக்குக் கால் அளவு கேட்டிருக்கிறார்கள். "அப்பாவுக்குக் கை நடுங்குது. நீ வரஞ்சி குடு பெரிம்மா" என்றாள். நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. பென்சில் சீவும்போதே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பருத்திப்பட்டில் நாம் பக்கத்துப் பக்கத்து வீடு. உன் வீட்டுக்காரர் பட்டாளத்தில் லாரி டிரைவர். நீ ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தபோது அவரைக் காங்கோவுக்கு அனுப்பினார்கள். சுதந்திரம் வந்து பதினைந்து வருஷம்கூட ஆகாத தேசம், அதற்குள் அடுத்தவர் சண்டையை விலக்கக் கடல்தாண்டிப் படை அனுப்புகிறதே என்று எனக்கு ஒரே பெருமை. பேப்பரில் படித்ததையெல்லாம் உன்னிடம் அளந்தேன். "பெருமை கெடக்குதுக்கா. அவரு எப்ப ஊட்டுக்கு வருவாரு, அத்த படிச்சி சொல்லு" என்றாய். அன்றிலிருந்து பேப்பரில் அதைத்தான் தேடினேன்.

உனக்கு எழுதத் தெரியாது. அவர் பார்த்திராத குழந்தையின் பாதத்தை மாதாமாதம் கடிதத்தில் வைத்து, சுற்றிப் பென்சிலால் வரைவாய். மிச்ச இடத்தில் நான் எழுதுவேன். அங்கே சண்டை வலுத்ததாக ரேடியோவில் சொன்ன பிறகு இரண்டு மாதம் பதிலே இல்லை. எனக்குக் காகிதத்தை எடுக்கவே பயம். நீதான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாய். "காலு வளந்துகினே கீது. அவருக்குத் தெரிய வாணாமா?"

வந்தார். இளைத்து, கறுத்து, ஆனால் முழுசாக வந்தார். கையில் ஒரு ஜோடி சிவப்புத் தோல் ஷூ. உன் கடிதத்தைக் காட்டி அங்கேயே தைத்து வாங்கியதாம். கடிதம் போய், ஷூ தைத்து, அவர் கப்பலேறி வந்து சேர்வதற்குள் உன் மகள் தெருவில் ஓட ஆரம்பித்திருந்தாள். குதிகால் உள்ளேயே போகவில்லை. அந்த மனுஷர் முகம் வாடிவிட்டது. நீ சிரித்தாய். "என் தப்புதாங்க. ஒரு வெரலு தள்ளி வரஞ்சிருக்கணும், வளர்றதுக்கு எடம் உட்டு."

நேற்று அவள் தாளில் காலை வைத்ததும் என் பென்சில் தானாகவே ஒரு விரல் தள்ளிப் போனது. "பதினேழு வயசாச்சி, இன்னும் இன்னா பெரிம்மா வளரப் போறேன்?" என்று சிரித்தாள். உன் சிரிப்பேதான்.

வேறொரு தாளில் பாதத்தை ஒட்டி வரைந்து கொடுத்தேன். முதல் தாளை என் பெட்டியில் மடித்து வைத்திருக்கிறேன். அளவு தப்புதான். ஆனால் நீ விடச் சொன்ன இடம் அதில் அப்படியே இருக்கிறது.